யார் ஏட்டில் வரவு, யார் ஏட்டில் பற்று?

செட்டிநாட்டில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு சின்ன அறை உண்டு. ஐயா காலத்தில் பர்மாவின் ரங்கூனில் இருந்த வட்டிக்கடையின் கணக்குகளைத் துணியில் மூட்டை கட்டி அங்கேதான் வைத்திருக்கிறோம். போன ஆடியில் கரையான் பிடித்திருக்கிறதா என்று பார்க்க மூட்டையை இறக்கினேன். அப்போது தோன்றிய ஆசையில் ஒரு பேரேட்டுப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து, ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலி ஒன்றிடம் கொடுத்து, "இதைப் படித்துச் சொல்" என்றேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஆள் பெயர், தொகை, தேதி எல்லாம் வரிசையாக, நல்ல தமிழில். அதில் பாதி தவறு.

எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. பழைய கணக்குகளில் தொகையைத் தமிழ் எண்ணில் எழுதுவார்கள். ௮ என்றால் எட்டு. பார்வைக்கு 'அ' போலவே இருக்கும். ௭ என்றால் ஏழு. அது 'எ' மாதிரி. ௱ நூறு, ௲ ஆயிரம். செயலி எட்டை 'அ' என்று வாசித்து, பக்கத்து எழுத்துகளையும் சேர்த்து ஓர் ஆளின் பெயராக்கிவிட்டது. அப்படி ஒருவர் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. எட்டு பெயருக்குள் போய்விட்டதால் தொகைக்கான இடம் காலியானது. அங்கே ஒரு தொகையையும் தானே நிரப்பிக்கொண்டது. அனுபவப்பட்ட கணக்கர் ஒருவர் படித்திருந்தால், "இந்த இடம் விளங்கவில்லை" என்று விரலை வைத்துக் காட்டியிருப்பார். இதற்கு அந்தத் தயக்கமே இல்லை. எனக்கு அச்சம் தந்தது தவறைவிட அந்தத் தயக்கமின்மைதான்.

அதே மதியம், அதே மூட்டையில், ரங்கூன் வழக்கறிஞர் ஒருவர் ஐயாவுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்று கிடைத்தது. தட்டச்சு செய்தது, அடமான நிலம் பற்றியது. நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் யாருக்கும் முழுதாகப் புரியாத கடிதம். அதைக் கொடுத்தேன். சட்டச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என்ன நடந்திருக்கிறது என்று தெளிவாகச் சொன்னது. சட்டம் படித்த உறவினரிடம் காட்டினேன், சரிதான் என்றார்.

ஒரே செயலி, ஒரே மதியம். ஒன்றில் ஏன் அப்படி, மற்றொன்றில் ஏன் இப்படி? இந்த வகைச் செயலிகள், கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகியவை. கூகுள் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற வடிவமைப்பு இதற்கு அடித்தளம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு ஊரெல்லாம் பரவியது. ஆங்கிலச் சட்டக் கடிதம் போன்றவை அது படித்த பக்கங்களில் மலைபோல் இருக்கின்றன. அங்கே கணிப்பு உண்மையோடு ஒட்டிப் போகிறது. ரங்கூன் பேரேட்டின் தமிழ்க் கையெழுத்தை அது எத்தனை முறை பார்த்திருக்கும்? தெரிந்த இடத்திலும் தெரியாத இடத்திலும் அதே குரலில் பேசும்படி அது பழகியிருக்கிறது. கேட்கிறவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் தப்பிப்பார். தெரியாதவர்தானே கேட்கவே போகிறார்?

செயற்கை நுண்ணறிவால் சமூகத்துக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா என்று பட்டிமன்றம் நடத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடை போட்டால் முடிவு கிடைத்துவிடும் என்ற எண்ணம் எனக்குச் சரியாகப் படவில்லை. நம் ஊர்க் கடைகளில் அப்படிக் கணக்குப் பார்த்ததில்லை. அக்கரையில், அதாவது பர்மா போன்ற கடல் கடந்த நாடுகளில், கடையை நடத்திய மேலாள், ஊரில் இருந்த முதலாளிக்கு ஐந்தொகை என்னும் கணக்கு அறிக்கை அனுப்புவார். ஒவ்வொரு தொகைக்கும் ஓர் ஆள் பேர் இருக்கும். வரவு யாருக்கு, பற்று யாருக்கு என்று தெரியாமல் எந்தக் கணக்கும் முடியாது. ஒருவருக்கு வந்த வரவை வைத்து இன்னொருவர் பற்றை நேர் செய்ய முடியாது. ஏஐயையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதிய அறிவைக் கண்டு பின்வாங்கும் ஊர் இது இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தச் செம்மண்ணுக்கு வந்தது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். ஆகவே நான் எழுப்பும் கேள்விகளை அறிவியல் மீதான வெறுப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரவிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் கண் என்றால் மதுரைதான். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. பார்வை மங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். விழித்திரையைப் படம் பிடித்துப் பார்த்தால் முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்லத் தேர்ந்த மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. 1,28,000-க்கு மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கொண்டு பழக்கிய மென்பொருள் ஒன்று, கண் மருத்துவர்களுக்கு நிகராக இதைக் கண்டறிகிறது என்று கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். அந்தப் படங்களில் அரவிந்திலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் வந்தவையும் உண்டு. நம் ஆட்களின் கண்களைப் பார்த்தும் அது கற்றிருக்கிறது. ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் ஏஐயைத் துணைக்கு வைத்து நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 2023-இல் வந்தன. மருத்துவர்கள் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை. இவை உயிரோடு சம்பந்தப்பட்ட வரவுகள். ஏஐ வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்கிறவர்கள், கண் போன ஒருவரின் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே கண் மென்பொருளைத் தாய்லாந்தில் 11 சிற்றூர், சிறுநகர மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுபோனபோது நடந்ததையும் கவனிக்க வேண்டும். செவிலியர்கள் எடுத்த படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று மென்பொருள் ஒதுக்கிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை, கண்மணி போதுமான அளவு விரியவில்லை. படம் ஒதுக்கப்பட்டவரை வேறொரு நாள் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டியிருந்தது. இணையம் மெதுவாக இருந்த இடங்களில் வரிசை நீண்டது. ஆய்வுக்கூடத்தில் சிறப்பாக வேலை செய்தது, ஜன்னல் திரை சரியில்லாத அறையில் தடுமாறியது. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கிறேன். கண்டரமாணிக்கத்திலிருந்து மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். துணைக்கு வரும் மகளின் கூலியும் சேர்ந்து போகும். மென்பொருளின் துல்லியத்தைச் சொல்லும் அட்டவணையில் இந்தப் பற்றுக்கு இடமே கிடையாது.

இங்கே வெள்ளையடித்துப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பலவற்றில் முகப்பு விளக்கு மட்டும் எரியும். உள்ளே வயதான ஆச்சி ஒருவர் தனியாக இருப்பார். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ அமெரிக்காவிலோ. இவர்களுக்கு உறவு என்பதே தொலைபேசியில் வரும் குரல்தான். மூன்று நொடிப் பதிவு கிடைத்தால் ஒருவர் குரலைப் போலச் செய்யலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், காணொலிக் கூட்டத்தில் மேலதிகாரிகள் போலத் தோன்றிய போலி உருவங்களை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்ட செய்தி 2024-இல் வந்தது. அலுவலகத்தில் இருந்தவருக்கே அந்தக் கதி.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சிக்கு இப்படி அழைப்பு வந்தது. பேரன் குரல். "அப்பத்தா, விபத்தாயிருச்சு, உடனே பணம் வேணும், அப்பச்சிகிட்டச் சொல்லாதீக." ஆச்சிக்குக் கை நடுங்கியிருக்கிறது. ஆனாலும் கேட்டிருக்கிறார்: "சரிப்பா, நம்ம வெலாசத்தச் சொல்லு." குடும்ப விலாசம், அந்த முன்னெழுத்துகளின் வரிசை, எங்கள் பிள்ளைகளுக்குப் பேசப் பழகும்போதே சொல்லிக் கொடுப்பது. மறுமுனை துண்டித்துக்கொண்டது. இந்த மாதிரி ஒரு சொல்லை ஒவ்வொரு வீட்டிலும் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். ஆச்சியின் சமயோசிதத்தால் அன்று தப்பித்தது. எல்லாரும் ஒவ்வொரு முறையும் தப்பிப்பார்கள் என்று எண்ணி ஒரு சமூகம் இருந்துவிட முடியுமா?

இப்போது எனக்கு மிகவும் மனக்கலக்கம் தரும் இடத்துக்கு வருகிறேன்: இயந்திரம் தவறினால் யாரிடம் போய்க் கேட்பது?

பிரிட்டனில் கிராமத்து அஞ்சலகங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். அவர்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொடுத்தார்கள். அதில் பிழைகள் இருந்தன. கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் திரையில் காட்டும் கணக்குக்கும் பொருந்தாமல் பணம் குறைந்ததாகக் காட்டியது. மனிதர்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை; கணினி சொன்னதை நம்பினார்கள். கணினி சரியாகத்தான் இயங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும் அனுமானம் அங்கே சட்டத்திலேயே இருந்தது. 1999 முதல் 2015 வரை 900-க்கு மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். 2024-இல்தான் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தீர்ப்புகளை ரத்து செய்தது. கணக்கை உயிராக மதிக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இதைப் படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கிறது. கணக்கில் கை வைத்தான் என்ற ஒரு சொல் போதும், ஒரு குடும்பம் தலை நிமிர மூன்று தலைமுறை ஆகும்.

ஹொரைசன் செயற்கை நுண்ணறிவு இல்லை; சாதாரணக் கணக்கு மென்பொருள். அதில் ஒரு நிபுணர் உட்கார்ந்து தேடினால் பிழை எந்த வரியில் என்று காட்டிவிடலாம். கோடிக்கணக்கான எண்களுக்குள் ஊறிக் கிடக்கும் ஏஐயின் முடிவுக்கு அப்படி ஒரு வரியைக் காட்ட அதைச் செய்தவர்களாலேயே பல நேரம் முடிவதில்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கான பெற்றோர் மேல் தவறாகக் குற்றம் சுமத்தப்பட்டது. யாரைச் சந்தேகிப்பது என்று மதிப்பெண் போடும் இயந்திரமும் அதில் ஒரு பங்கு வகித்தது. 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது. நம் நாட்டிலேயே தெலங்கானாவில், பல துறைத் தரவுகளைக் கணினி இணைத்துப் பார்த்து, தகுதியில்லை என்று சொன்னவர்களின் குடும்ப அட்டைகள் ரத்தாயின. 2022-இல் உச்ச நீதிமன்றம், நேரில் சென்று மறுபடி சரிபாருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. இங்கே வரவு அரசின் ஏட்டில், செலவு மிச்சம் என்று. பற்று, அரிசி கிடைக்காத வீட்டில்.

அக்கரைக் கடையில் மேலாள் மூன்று வருடக் கணக்குக்குப் போவார். அவர் கொடுத்த கடன் ஒவ்வொன்றுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். திரும்பி வந்து முதலாளி முன் கணக்கை ஒப்படைக்கும்போது, பேரேடு தப்பாகச் சொல்லிவிட்டது என்று சொல்ல முடியாது. ஏஐ எடுத்த முடிவு தவறினால், அதைச் செய்த நிறுவனம், அதை வாங்கிய அலுவலகத்தைக் காட்டும். அலுவலகம் நிறுவனத்தைக் காட்டும். நடுவில் பொத்தானை அழுத்திய எழுத்தர், "சிஸ்டம்ல அப்படித்தான் வருது" என்பார். இந்தப் பதிலை நாம் எல்லாரும் ஏதாவது ஒரு கவுண்டரில் கேட்டவர்கள்தான்.

வேலை பற்றியும் சொல்ல வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பும் பிள்ளைகளின் கேள்வி இது. எரிக் பிரின்யோல்ஃப்சன் என்ற பொருளியலாளரும் அவர் குழுவினரும் செய்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரிகிறது. 2023-இல் வெளியிட்டது, 5,000-க்கு மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைப் பற்றியது. ஏஐ துணை இருந்தபோது சராசரி வேலைத்திறன் 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கு 34 சதவீதம். அதாவது கற்றுக்குட்டிக்குத்தான் இது பெரிய கைத்தாங்கல். 2025 ஆகஸ்டில் வெளியிட்டது அமெரிக்க ஊதியப் பதிவுகளை வைத்துச் செய்தது. ஏஐயின் தாக்கம் அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் குறைந்திருந்தது. யாருக்கு அதிகம் உதவுகிறதோ, அவரையே வாசலில் நிறுத்துகிறது.

இது நம் பழைய கடையின் படிக்கட்டை நினைவுபடுத்துகிறது. பெட்டியடிப் பையனாகப் போய், எடுபிடி வேலை செய்து, சிட்டை என்னும் அன்றாடக் கணக்கை எழுதி, வட்டி போடப் பழகி, மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகி, பிறகு மேலாள். அந்தப் பையன் எழுதிய சிட்டையால் கடைக்குப் பெரிய லாபம் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அதை எழுதித்தான் ஆளை எடை போடும் கண் அவனுக்கு வந்தது. கீழ்ப்படி வேலைகளை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் இருபது வருடம் கழித்து மேலாள் எங்கிருந்து வருவார்? இயந்திரத்தின் பிழையைப் பிடிக்கும் கண் யாருக்கு இருக்கும்? இந்த ஆண்டு லாபக் கணக்கில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் ஆபத்து.

பர்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் கடைகள் 1,600-க்கு மேல் இருந்தன. கீழ்ப் பர்மாவின் சதுப்பு நிலம் நெல் வயலாக மாறியதில் அந்தக் கடனுக்குப் பெரும் பங்கு உண்டு. விவசாயிக்கும் வரவு, கடைக்கும் வரவு. அப்போது உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். அவர்கள் கேட்டது பணம், வந்தது நிலம். பர்மியர் மனத்தில் மூண்ட கோபம் எளிதில் ஆறவில்லை. 1942-இல் போர் துரத்த எத்தனையோ பேர் காட்டு வழியே நடந்து வந்தார்கள். 1948-இல் நிலம் நாட்டுடைமைச் சட்டம் வந்தது. ஐயாவின் மூட்டையில் இருப்பது அந்த முடிந்துபோன உலகத்தின் கணக்கு.

அந்தப் பேரேடுகளைப் புரட்டும்போது என்னை உறுத்துவது இது: ஒவ்வொரு கடையின் கணக்கும் தனித்தனியே சரியாக இருந்திருக்கிறது. வட்டியில் பிசகில்லை, கூட்டலில் பிசகில்லை. எல்லாக் கடைகளும் சேர்ந்து அந்த மண்ணில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. ஏஐ நிறுவனங்கள் வெளியிடும் சோதனை முடிவுகளைப் பார்க்கும்போது அதே உறுத்தல். அவரவர் இயந்திரம் எவ்வளவு பிழை செய்கிறது என்று அவரவர் அளக்கிறார்கள். இவை அத்தனையும் ஒரே நேரத்தில் பள்ளியிலும் வங்கியிலும் தேர்தலிலும் புகும்போது மொத்தத்தில் என்னாகும் என்ற பத்தி காலியாக இருக்கிறது.

ஏஐ ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் 2023 மே மாதம் கூகுளை விட்டு வெளியே வந்து, தான் வளர்த்த துறையைப் பற்றி எச்சரித்தார். அடுத்த ஆண்டே இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். அதே 2024-இல் வேதியியல் நோபல், புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும் கிடைத்தது. ஏஐயால் மனித குலத்துக்கே அழிவு நேரக்கூடும், அதைத் தொற்றுநோய், அணுப்போர் போல் கருத வேண்டும் என்ற 2023 மே அறிக்கையில் ஹிண்டனும் ஹசாபிஸும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மருந்து தேடவும் கிருமி செய்யவும் ஒரே அறிவு உதவும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். இதை நான் மிகை என்று ஒதுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய அச்சத்தின் நிழலில் குடும்ப அட்டை பறிபோன வீடு மறைந்துவிடக் கூடாது.

தமிழுக்கு வருகிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பை என்று போட்ட துண்டுப் பிரசுரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துச் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் ஆக்கினார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994 முதல் சென்னையில் நூலகமாக நிற்கிறது. ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தால் மிஞ்சிய தமிழ் அது. அந்த மாதிரிப் பக்கங்கள் கணினிக்குப் படிக்கக் கிடைக்காவிட்டால், ஏஐ பேசும் தமிழ் ஆங்கிலத்தின் நிழலாகவே இருக்கும். எட்டை 'அ' என்றே படிக்கும். கிடைத்தால், அதை வைத்துச் சம்பாதிப்பவர் யார் என்ற கேள்வி வரும். கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கட்டத்தையும் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவையும் ஆயிரக்கணக்கான படங்களில் பார்த்துக் கற்று, ஒரு நொடியில் புது வடிவம் வரைந்து தரும் இயந்திரத்திடமிருந்து, கண்ணாடி மேல் சாயம் ஊற்றி ஒவ்வொரு கல்லாகச் செய்யும் கைக்கு ஒரு காசும் வருவதில்லை. இதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் மெல்ல வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கட்டுப்பாடு, சில பயன்பாடுகளுக்கு முற்றிலும் தடை. இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. பாதுகாப்பான, நெறியான ஏஐக்கு என்று தமிழ்நாடு 2020-லேயே ஒரு கொள்கை வெளியிட்டது. இவற்றோடு நான் எதிர்பார்ப்பது எளிமையானது. ஒருவருக்கு உதவித்தொகையோ கடனோ சிகிச்சையோ இயந்திரத்தின் சொல்லால் மறுக்கப்பட்டால், காரணம் அவர் மொழியில் எழுத்தில் வர வேண்டும். அதன் கீழே பெயருள்ள ஒரு மனிதரின் கையெழுத்து இருக்க வேண்டும். முடிவு தவறு என்றால் அலைந்த செலவும் இழந்த கூலியும் மறுத்தவர் ஏட்டில் பற்றாக ஏற வேண்டும்.

அந்தப் பேரேட்டுப் பக்கத்தைத் தேவகோட்டையில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வயது எண்பதைத் தாண்டியவர், பழைய கணக்கு படிக்கத் தெரிந்தவர். செயலி தந்த நகலையும் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அதில் சரியாக இருந்ததை அவர் அப்படியே விட்டார். அதனால் வேலை பாதியாகக் குறைந்தது. மீதியைப் பென்சிலால் திருத்தினார். இரண்டு இடங்களில் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெளிவில்லை" என்று ஓரத்தில் எழுதி, பக்கத்தில் தன் முன்னெழுத்துகளைப் போட்டுக் கொடுத்தார்.